தொடர்ந்து நாற்பத்தெட்டு மணி நேரம்

ஆரஞ்சு நிறப் பட்டை கண்ணாடிக் குழாயில் இன்னும் ஒரு சாண் இறங்க வேண்டியிருந்தது. செண்பகவடிவு ஆறு நாளாகப் பாடுபட்டுச் செய்த மூலப்பொருள் அது. குழாய் நிறைய வெள்ளைத் தூள், தூளுக்கு மேலே ஹெக்சேன் என்ற கரைப்பான், நடுவில் அந்தப் பட்டை, எறும்பு ஊர்வதைவிட மெதுவாக. சுத்தமான பகுதி முழுக்க வடிந்து டெஸ்ட் டியூப்களுக்குள் வரும்வரை யாரும் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. மேலே திரவம் வற்றினால் தூள் பாளம் பாளமாக வெடிக்கும், பிறகு ஆறு நாளையும் கழுவி ஊற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எனவே நின்றாள். வலது கையில் நீல உறை, இடது கை வெறும் கை. இடது கை செல்போனுக்கு. செல்போன் ஜன்னல் விளிம்பில் சாய்ந்து நின்றது, அதில் ஒரு படிவம் திறந்திருந்தது. மணி மூன்று இருபது. ஐந்துக்குள் அவள் அதில் ஒரு பொத்தானை அழுத்தியாக வேண்டும். ஜெர்மனியில் அப்போது மதியம், அங்கே கூட்டாக ஆராய்ச்சி செய்யும் டில்மன் சாப்பிடப் போகும் முன் கட்டுரையை ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவான். பதினோரு பெயர்கள், அவளுடையது ஐந்தாவது. யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்கிறார்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பதினான்கு கட்டங்கள். எல்லோருக்கும் டில்மனே குறிபோட்டுவிட்டான். அவரவர் வரியை அவரவர் பார்த்துச் சரி என்று சொன்னால் போதும். செண்பகவடிவுக்கு நேரே இரண்டு குறி இருந்தது: சோதனை வேலை, பொருள் வழங்கல். கருத்து என்ற கட்டத்தில் டில்மனுக்கு ஒரு குறி. அவளுடைய வழிகாட்டி சிதம்பரநாதன் சாருக்கு ஒரு குறி. அவளுக்கு வெறும் கட்டம். பொருள் வழங்கல். மளிகைக் கடைக்காரரைச் சொல்வது மாதிரி இருக்கிறது. டியூப் நிரம்பிவிட்டது, மாற்றினாள், பதினான்கு என்று எழுதினாள்.

கருத்து என்ன கருத்து. பிளாஸ்டிக் தாளில் மையைப் போல அச்சிட்டு, அதை வெயிலில் காட்டினால் மின்சாரம் தருகிற ஒரு பொருள், அதை இங்கே அவள் சமைக்கிறாள், அங்கே அவர்கள் தாளில் பூசி அளக்கிறார்கள், அதுதான் ஐந்து வருடக் கூட்டுத் திட்டம். அந்தப் பொருளைச் சூட்டில் வைத்துச் சமைக்கும்போது நடுவில் அடுப்பை அணைத்து ஆறவைத்து, மறுபடி மூட்டினால் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒரே சீராக வளர்கின்றன, மின்சாரம் கூடுகிறது. இவ்வளவுதான். கட்டுரையின் தலைப்பிலேயே அது இருக்கிறது, 'திட்டமிட்ட இடைநிறுத்தம்' என்று. திட்டமிட்ட. அவள் அந்த வார்த்தையைக் காலையிலிருந்து எத்தனை முறை வாசித்தாள் என்று கணக்கில்லை. யார் திட்டமிட்டது? அணிலா? மூன்று வருடத்துக்கு முன் பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை, முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏற்றிவைத்த வினை, பதினேழாவது மணி நேரம் தாண்டியிருந்தது. காலை பத்து எட்டுக்குக் கரண்ட் போனது. கலக்கி நின்றது, எண்ணெய்ச் சட்டி ஆறத் தொடங்கியது. யுபிஎஸ் பேட்டரியை அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டுபோய் ஆறு மாதம் ஆகியிருந்தது. குடுவைக்குள் கத்தரிப்பூ நிறத்தில் இருந்த கரைசல் அவள் கண்ணெதிரே மயில் கழுத்து நிறத்துக்கு மாறியது. எழுதக் காகிதம் எடுக்கப் போனால் அதற்குள் இன்னும் மாறிவிடுமோ என்று கையுறையின் முதுகிலேயே மார்க்கரால் 10.08 என்று எழுதினாள். மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் போட்டால் ஒரு ஆள் நிதானமாகச் சொன்னான், "அணில் ஏறிட்டு மேடம் டிரான்ஸ்பார்மர்ல. அணிலும் போச்சு, ஃபியூஸும் போச்சு. வரும், வரும்." சூரியனிலிருந்து மின்சாரம் எடுக்கிற ஆராய்ச்சி, ஒரு அணிலின் தயவில். பதினொன்றுக்கு வந்தது. 11.00 என்று கையுறையில் எழுதினாள். ஐம்பத்திரண்டு நிமிடம். மிச்ச முப்பத்தொரு மணி நேரத்தையும் ஓட்டி, பாழாய்ப் போனது என்ற நினைப்பிலேயே பாட்டிலில் அடைத்து ஜெர்மனிக்கு அனுப்பினாள், ஏனென்றால் கூரியரை அன்றைக்கு வரச் சொல்லியாகிவிட்டது. கையுறையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். எல்லோரும் போடுவார்கள். அதைப் பத்திரப்படுத்துகிறவள் யார் இருக்கிறாள் உலகத்தில்.

மூன்று வாரம் கழித்துத் திரையில் டில்மன் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றான். வெயிலை மின்சாரமாக்குவதில் பன்னிரண்டு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது பதினைந்து புள்ளி எட்டு ஆகியிருந்தது. "ஷென், என்ன செய்தாய்?" அவனுக்கு செண்பகவடிவு வாயில் நுழையாது, ஷென் என்பான். அவள் வாயைத் திறக்குமுன் சார் அவளுடைய நோட்டை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். நாற்பத்தெட்டு மணி நேரம் என்று எழுதியிருந்தாள், கரண்ட் போனதைத் தனியாக ஒரு வரி எழுத இடம் விட்டிருந்தாள். எதைச் சொல்லி எழுதுவது என்று தெரியாமல் விட்ட இடம். அன்று மாலை அவள் விஷயத்தைச் சொன்னதும் சார் அவரே பேனாவை எடுத்து, நாற்பத்தெட்டுக்கு முன்னால் 'தொடர்ந்து' என்று சேர்த்தார். "பேப்பர்ல போயி கரண்ட் போச்சுன்னு எழுதுவாங்களாம்மா? அவன் என்ன நெனைப்பான்? இவங்கள நம்பியா பணத்தக் கொட்டுறோம்பான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது பிடித்துக் கேட்க முடியுமானால். அந்த ஒரு வார்த்தை முதல் கட்டுரையில் போனது, அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் போனது, உலகமெங்கும் போனது. வெற்று இடம் இருந்த வரியில் அவளே பிறகு 'கவனிப்பு: நிற மாற்றம்' என்று எழுதி நிரப்பினாள். சார் அதைச் சொல்லவில்லை. அது அவளாகவே செய்தது.

"வடிவு, டீ வாங்கி வெளிய பெஞ்சில வச்சிருக்கேன். ஆறிப்போச்சுன்னா என்னயச் சொல்லாத." அனிஸ் பாத்திமா கதவுக்கு வெளியே நின்றாள், பக்கத்து ஆய்வகம், ஒரே வருடத்தில் சேர்ந்தவள்.

"நகர முடியாதுட்டி."

"அந்த மஞ்சளையே முறைச்சுப் பாத்துக்கிட்டிரு. காமாலை வந்துரும். சரி, படிவத்த அனுப்பிட்டியா? சார் என்கிட்ட ரெண்டு தடவ கேட்டாச்சு."

"பாக்கணும்."

"என்னத்தப் பாக்க? பேரு இருக்குல்லா? எனக்கு அதுல பேரும் இல்ல, ஊரும் இல்ல. அஞ்சாவது பேருக்கே மகாராணி இவ்வளவு யோசிக்கா." சிரித்துவிட்டுப் போனாள். செருப்புச் சத்தம் வராந்தா நீளத்துக்கும் கேட்டது.

ஐந்தாவது பேர். பாத்திமாவுக்குத் தெரியாது, தெரிந்தால் சிரிக்க மாட்டாள். அல்லது இன்னும் அதிகமாகச் சிரிப்பாள். அடுத்த முறை கரண்ட் போகவில்லை, தொடர்ந்து நாற்பத்தெட்டு மணி நேரம் ஓடியது, கிடைத்தது பழைய பன்னிரண்டு. அப்போதுதான் அவள் யோசித்தாள். யாரும் சொல்லித்தரவில்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. பதினேழாவது மணி நேரத்தில் தானே போய் ஸ்விட்சை அணைத்தாள். ஐம்பத்திரண்டு நிமிடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினைந்து புள்ளி எட்டு. மறுபடி செய்தாள், பதினைந்து புள்ளி ஏழு. சாரிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார். "நல்லது. இது நம்ம கையிலேயே இருக்கட்டும். அவங்களால செய்ய முடியலைன்னாத்தானே நம்மள்ட்ட வருவாங்க." அதிலிருந்து இரண்டு வருடம், ஒவ்வொரு முறையும் யாரும் பார்க்காத நேரத்தில் ஸ்விட்சை அணைத்தாள். அங்கே டில்மன் கட்டுரையில் உள்ளபடியே, தொடர்ந்து, தொடர்ந்து, செய்துபார்த்துத் தோற்றான். திரையில் அவர்கள் தலையை ஆட்டிச் சிரிப்பார்கள். "ஷென்னுக்கு ராசியான கை." கை. எப்போதும் கை. ஒரு கூட்டத்தில் அவளைக் கையைத் தூக்கிக் கேமராவில் காட்டச் சொன்னார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் காட்டினாள், நீல உறையோடு. பிரேசிலிலிருந்து லீவியா என்று ஒரு ஆராய்ச்சி மாணவி எழுதினாள், உங்கள் முறைப்படி ஏழு தடவை செய்துவிட்டேன், பதினொன்றைத் தாண்டவில்லை, நான் எங்கே தவறுகிறேன் என்று தயவுசெய்து சொல்லுங்கள் என்று. சார் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்தாள்: உங்கள் கரைப்பானின் தூய்மையைச் சரிபாருங்கள். மூன்று நிறுவனத்திடம் வாங்கிப் பார்த்துவிட்டேன் என்று லீவியா திரும்ப எழுதினாள். அதற்குப் பதில் போகவில்லை. பிறகு அவள் எழுதவில்லை. படிப்பை விட்டாளோ, வழிகாட்டி திட்டினாரோ. பட்டை சாய்கிறது. இடப்பக்கம் வேகமாக இறங்குகிறது. குழாயை லேசாக விரலால் தட்டினாள். பதினேழு. பதினெட்டு.

இந்தக் கட்டுரைக்கு டீக்கடைதான் காரணம். போன வருடம் தை மாதம் டில்மன் வந்திருந்தான், இரண்டு வாரம். பல்கலைக்கழக வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் நல்லவன், அதுதான் தொல்லை. இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, "உன் கையை நான் ஜெர்மனிக்குப் பார்சல் எடுத்துப் போகட்டுமா?" என்று கேட்டான். அந்தக் கை என்ற சொல்லில்தான் அவளுக்குத் தாங்காமல் போனது. கை இல்லை, தலை, என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. வேடிக்கை போல, ஊர்க் கதை போல, "ஒரு தடவை நடுவில் கரண்ட் போனது, தெரியுமா, அந்த நல்ல பொருள் அன்றைக்குச் செய்ததுதான்" என்றாள். அவன் கிளாஸைக் கீழே வைத்தான். எவ்வளவு நேரம் என்று கேட்டான். "நாற்பது நிமிடம் இருக்கும்." ஏன் நாற்பது? அவள் மனசுக்குள் ஐம்பத்திரண்டு என்ற எண் அடுப்புச் சூடு போல இருந்தது, வாய் நாற்பது என்றது. வெள்ளைக்காரனிடம் எங்கள் ஊரில் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டாளா? பெண் பார்க்க வருகிறவர்களிடம் வயதைக் குறைப்பது போல ஊருக்காகப் பன்னிரண்டு நிமிடத்தைக் குறைத்தாளா? அல்லது அந்தப் பன்னிரண்டை மடியில் கட்டிக்கொண்டாளா? சார் சொன்ன 'நம்ம கையிலேயே' அவளுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டதா? இத்தனை மாதமாக அதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள், வெட்கமா தந்திரமா, பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி நாக்கு அங்கேயே போகிறது. வெட்கம் என்றால் மறுநாள் திருத்தியிருக்கலாம். தந்திரம் என்றால் எதற்கு வாயைத் திறந்தாள். டில்மன் ஊருக்குப் போனான், இருபது, முப்பது, முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தைந்து, அறுபது என்று அணைத்து அணைத்துப் பார்த்தான். இப்போது கட்டுரையின் மூன்றாம் படத்தில் அந்தப் புள்ளிகள் இருக்கின்றன. நாற்பத்தைந்தில் பதினைந்து புள்ளி ஒன்று. அறுபதில் இறக்கம். நடுவில் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. முந்தைய உச்ச அளவு எட்டப்படவில்லை, அது அந்தத் தயாரிப்பின் தற்செயல் ஏற்ற இறக்கமாக இருக்கலாம் என்று கீழே ஒரு வரி. அந்த வெள்ளை இடத்தில்தான் உச்சம் இருக்கிறது. உலகத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி, அப்புறம் சார்.

செல்போன் அதிர்ந்தது. சார்தான். இடது கையால் எடுத்தாள்.

"என்னம்மா வடிவு, டில்மன் காத்துக்கிட்டிருக்கானாம்."

"சார், அந்தக் கருத்துங்கிற கட்டத்துல…"

"அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிம்மா. எவன் பாக்கான்?"

"உங்களுக்குப் போட்டிருக்கு சார்."

சார் பேச்சை மாற்றினார். "வைவா என்னைக்கு?"

"பதினோரு நாள் இருக்கு சார்."

"ஆறு வருஷம் ஆச்சுல்லா? ஒன்னு செய்யி. உன் மூணாவது அத்தியாயத்த இன்னொரு தடவ நிதானமா வாசி. நீ என்ன எழுதியிருக்கன்னு பாரு. அப்புறமா கருத்து யாருதுன்னு பேசுவோம். வச்சிரவா?"

நீ என்ன எழுதியிருக்க. நோட்டில் பேனா வைத்தபோது 'எழுதியிருக்கோம்' என்றவர். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் உறுதிமொழி இருக்கிறது, இதிலுள்ளவை அனைத்தும் என் சொந்த உழைப்பு, உண்மை என்று, கீழே அவள் கையெழுத்து மட்டும். அழகாகத்தான் பூட்டியிருக்கிறார்கள், அல்லது அவளே பூட்டிக்கொண்டு சாவியை அவர் கையில் கொடுத்திருக்கிறாள். அந்த யோசனை என்னுடையது என்று சொல்ல வேண்டுமானால் கரண்ட் போனதைச் சொல்ல வேண்டும். கரண்ட் போனதைச் சொன்னால் 'தொடர்ந்து' பொய். அது பொய் என்றால் முதல் கட்டுரை போயிற்று, மூன்றாம் அத்தியாயம் போயிற்று, வைவா போயிற்று, பட்டம் போயிற்று, முப்பத்திநாலு வயதில் தூத்துக்குடி பஸ் ஏறி வீட்டுக்காரர் முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் அவர் கெட்டிக்காரர், ஆறு வருடமாக அதைத்தான் செய்கிறார். திருடனைக் காட்டிக்கொடுக்க வேண்டுமானால் முதலில் தானும் திருடி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் டில்மன் திருடனா? அவனுக்கு அவள் ஒரு கதை சொன்னாள், அவன் அதை வைத்து ஒன்பது மாதம் வேலை செய்தான். வழியில் கிடந்ததை எடுத்தவன் மாதிரிதான். கிடக்கவிட்டது யார்? பதினேழாவது மணி நேரத்தில் தானாக ஸ்விட்சை அணைத்தவள், இரண்டாம் முறை, மூன்றாம் முறை, அவளை யார் பார்த்தார்கள். எந்தக் கட்டத்தில் குறிபோடுவது அதை. ஹெக்சேன் வாசம் தலைக்குள் ஏறியது. மேலே திரவம் விரலளவுக்கு இறங்கிவிட்டது. திடுக்கிட்டு ஊற்றினாள். இருபத்தாறு.

நாலரைக்கு அவள் கருத்து என்ற கட்டத்தைத் தொட்டாள். குறி விழுந்தது. கூடவே ஒரு பெட்டி திறந்தது: மாற்றத்துக்கான காரணத்தைக் குறிப்பிடவும், இது கட்டுரை ஆசிரியர்கள் அனைவருக்கும் அனுப்பப்படும். ஒரே கையால், ஒரே பெருவிரலால் எழுதினாள். பதினேழாவது மணி நேரத்தில் எங்கள் ஊரில் மின்சாரம் நின்றது. ஐம்பத்திரண்டு நிமிடம். முதல் கட்டுரையில் தொடர்ந்து என்று இருப்பது தவறு. அதன்பிறகு ஒவ்வொரு முறையும் நானே அணைத்தேன். நாலு வரி. மேலிருந்து கீழே வாசித்தாள். ஆறு வருடத்தில் அவள் எழுதிய செய்முறைகளிலேயே யார் செய்தாலும் பலிக்கக்கூடிய செய்முறை அது ஒன்றுதான். அதைப் பார்க்கச் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பட்டையின் கடைசி விளிம்பு குழாயின் வாயைத் தொட்டது. டியூப் மாற்ற வலது கை போனது. இடது பெருவிரல் அழிக்கும் பொத்தானில் இருந்தது. எழுத்து எழுத்தாகப் போயின, கடைசியிலிருந்து, அணைத்தேன், நானே, தவறு, நிமிடம். கட்டத்தின் குறியையும் எடுத்தாள். சரி என்பதை அழுத்தினாள். செண்பகவடிவு, சோதனை வேலை, பொருள் வழங்கல், உறுதிசெய்யப்பட்டது.

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, டில்மனின் செய்தி வந்தது. "நன்றி, ஷென்! இரண்டு சின்ன விஷயம். அந்த மின்வெட்டு பற்றியும், யோசனை உன்னிடமிருந்து வந்தது பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். உனக்கு அதில் விருப்பமில்லை என்று பேராசிரியர் சொன்னார், அதனால் கருத்து என்ற கட்டத்தில் உனக்குப் போட்டிருந்த குறியையும் எடுத்தேன். அது சரிதானே? எனக்கு மனசு ஒப்பவில்லை, அதனால் உன்னிடமே கேட்கிறேன். இன்னொன்று, நாற்பது என்று உறுதியாகத் தெரியுமா? நாற்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில் நாங்கள் பார்க்கவே இல்லை. உனக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு மாதம் தள்ளிப்போட்டு அதையும் பார்த்துவிடுகிறேன். நீதானே பக்கத்தில் நின்றாய்."

நீதானே பக்கத்தில் நின்றாய். அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். யாருமே இத்தனை வருடத்தில் அவளிடம் அதைக் கேட்டதில்லை. குழாயில் இப்போது நிறம் எதுவும் இல்லை, வெள்ளைத் தூள் மட்டும், அதன் வழியே தெளிந்த ஹெக்சேன் சும்மா சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் தள்ளினால் அவன் ஐம்பதைப் பார்ப்பான், ஐம்பத்தைந்தைப் பார்ப்பான், வெள்ளை இடத்தில் புள்ளி விழும். விழுந்தால் அது அவனுடைய புள்ளி. அப்புறம் அவர்களுக்கு இங்கே யாரும் தேவையில்லை, கையும் தேவையில்லை. வலது கையுறையை உரித்து எடுத்தாள். உள்ளே விரல்கள் வேர்த்து ஊறிப்போயிருந்தன. இரண்டு கையாலும் செல்போனைப் பிடித்து, பிழையில்லாமல், நிதானமாக எழுதினாள்.

"பேராசிரியர் சொன்னது சரிதான், எனக்கு விருப்பமில்லை. நாற்பது நிமிடம்தான், கடிகாரம் பார்த்தேன். தள்ளிப்போட வேண்டாம்."

அனுப்பினாள். அவன் பதில் அனுப்ப எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. பிறகு ஒரே ஒரு சொல் வந்தது: "நம்புகிறேன்."